காலி வருது, வழி விடுங்க

அன்று மிளகாய் வற்றல் மண்டியில் இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவில் அருஞ்சுனைராஜன். அவருக்கு வலப்பக்கம், வழக்கம்போல நின்றபடி, மனைவி ஜெயகனி. சாக்கு அடுக்கில் சாய்ந்துகொண்டு மகள் தாரகை. வியாபாரிகள் உட்காரும் முக்காலியில் டாக்டர் ரெஹானா பானு. வாசலை அடைத்தாற்போல் கணக்கர் சோலையப்பன். தெருவில் போகிற யாரும் உள்ளே எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். தம்பி வெயிலுமுத்து அங்கே இல்லை. பத்தொன்பது வருஷமாக அவர் அந்தப் படியை மிதித்ததில்லை, மிதிக்க விடப்படவும் இல்லை.

டாக்டர் மண்டிக்கு வந்ததற்குக் காரணம் எளிது. மண்டி டாக்டரிடம் போகாது. அந்தக் குடும்பத்தில் கல்லாவில் உட்கார்ந்தவர், கடை சாத்தும்வரை எழுந்திருப்பதில்லை. கலெக்டர் வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, உட்கார்ந்தபடிதான் கும்பிடு. சாப்பாடு அவர் இருக்கும் இடத்துக்கு வரும். பூட்டன் காலத்தில் ஒருமுறை கண்மாய் உடைந்து பஜாருக்குள் தண்ணீர் வந்தபோது, அவர் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடியே விவசாயிகள் அத்தனை பேருக்கும் பதில் சொல்லி அனுப்பினாராம். அன்று சம்பாதித்த பெயர் அது. விருதுநகர் பஜாரில் எத்தனையோ மண்டிகள் வந்தன, போயின. மற்ற மண்டிகளில் வற்றலுக்கு விலை சொல்லும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் ஆந்திராவிலிருந்து பேசுகிறவன்கூட, "கல்லாவுல அண்ணாச்சி இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவான். இருக்கிறார் என்பதுதான் அந்த மண்டியின் முதல்.

"கால நீட்டுங்க அண்ணாச்சி," என்றார் டாக்டர். இடது கெண்டைக்காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்ப மறுத்தது.

"வீக்கம்தானே? சாயங்காலம் ஆனா எல்லாருக்கும் இருக்கும்."

"உள்ள ரத்தம் கட்டியிருக்கு. போன மாசம் ஸ்கேன்ல பார்த்தது. மாத்திரையில கரைச்சிருக்கோம். நீங்க இப்படியே உட்கார்ந்தா மறுபடியும் கட்டும். அடுத்த தடவை அது கால்லயே நிக்கும்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. நெஞ்சுக்குப் போயிரும்."

"சர்க்கரைக்கு மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை, இதுக்கு ஒரு மாத்திரை. குடுங்க, தின்னுட்டுப் போறேன்."

"தின்னு தின்னுதானே இங்க வந்து நிக்குது? சர்க்கரையத் தின்ன வேண்டியது தசை. உங்க தொடையில அது எங்க இருக்கு? துணி மாதிரி தொங்குது. கெண்டைக்கால் சுருங்கி விரிஞ்சாத்தான் கீழ இருக்கிற ரத்தம் மேல ஏறும். பன்னெண்டு மணி நேரம் அதைச் சும்மா வச்சிருக்கீங்க. எந்திரிக்கணுமேன்னு தண்ணியும் குடிக்கிறதில்ல, அதனால கிட்னியில கல்லு." டாக்டர் அவர் காலை இறக்கி வைத்தார். "பெரியவருக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

ஜெயகனி சட்டென்று கணவரின் முகத்தைப் பார்த்தாள். பெரியவர் பேச்சை யாரும் அந்தக் கல்லாவின் முன்னால் எடுப்பதில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே கல்லா மெத்தையில், அவருடைய அப்பாவான பெரியவருக்கு நெஞ்சு அடைத்தது. அருஞ்சுனைராஜன் கொள்முதலுக்காகக் குண்டூர் போயிருந்தார். வியாபாரிகள் நிறைந்திருந்த நேரம். எழுந்திருங்கள் என்று எல்லாரும் கெஞ்ச, பெரியவர் மாட்டேன் என்று தலையசைத்தார். வெயிலுமுத்து கேட்கவில்லை. அப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, பஜார் முழுக்கப் பார்க்க, அவிழ்ந்த வேட்டியோடு தெருவில் கொண்டுபோய் ஆட்டோவில் போட்டார். பெரியவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஊர் திரும்பிய அருஞ்சுனைராஜன் தம்பியிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "கல்லாவுல போயிருக்க வேண்டிய மனுஷனை நடுத்தெருவுல போக வச்சுட்ட." அதோடு பேச்சு நின்றது. அது நியாயமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாத கேள்விகள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் சில இருக்கும்.

"அப்பா," என்றாள் தாரகை, சாக்கிலிருந்து நிமிர்ந்து. "நீங்க எந்திரிக்காமலே நடக்கலாம்."

"என்னம்மா உளறுற?"

அவள் பையிலிருந்து அகலமான பட்டை ஒன்றை எடுத்தாள். பிடரியில் ஒட்டிக்கொள்வது. சென்னையிலும் கோவையிலும் ஏற்கெனவே ஆயிரக்கணக்கானோர் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். போட்டவுடன் கழுத்துக்குக் கீழே உள்ள உடம்பைப் பட்டை எடுத்துக்கொள்ளும். எழுப்பும், நடத்தும், வண்டி வந்தால் நிறுத்தும், முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைக்கும். அந்த நேரமெல்லாம் ஆளின் கண்ணும் காதும் நினைப்பும் வேறோர் இடத்தில் இருக்கும்.

"வேறோர் இடம்னா?"

"இங்கதான்பா. கல்லாவுல. மெத்தை மேல ஒரு கண்ணாடிப் பலகை நிறுத்துவோம், அதுல உங்க பிம்பம் உட்கார்ந்திருக்கும். நீங்க பாக்கலாம், கேக்கலாம், விலை சொல்லலாம், வையலாம். நாலு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் உடம்பு தெருவுல. அண்ணாச்சி கல்லாவுல."

சோலையப்பன் வாசலில் நின்றபடியே திரும்பி, "அப்ப கல்லா காலியா இருக்காதுல்ல?" என்று கேட்டார். எல்லாருடைய மனசிலும் இருந்த கேள்வி அதுதான்.

"ஒரு நிமிஷம்கூட இருக்காது மாமா."

அருஞ்சுனைராஜன் பட்டையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். வற்றலைப் பார்ப்பதுபோல முகர்ந்தும் பார்த்தார். பிறகு, "சரி," என்றார்.

*

இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. கால்வீக்கம் வடிந்தது. குளிக்கும்போது தொடையைத் தட்டிப் பார்த்தார். கட்டை மாதிரி இருந்தது. சட்டையின் வயிற்றுப் பொத்தான் இழுக்காமல் போட வந்தது. ஒரு சொட்டு வியர்வை சிந்தியதாக அவருக்கு நினைவில்லை. நாலு மணிக்கு வீட்டு நாற்காலியில் கண்ணை மூடுவார். மறு நொடி கல்லாவில் இருப்பார். ஆறு மணிக்கு அங்கே மூடினால் வீட்டு நாற்காலியில், காலில் புழுதியோடு. காலையில் மண்டிக்குப் போய் மூன்றரைக்கு வீடு திரும்பி, பிம்பமாக மறுபடி கல்லாவில் ஏறி, ஆறுக்குமேல் நேரில் போய் உட்காரும் இந்த ஏற்பாட்டில் முதலில் அவருக்குச் சங்கடம் இருந்தது. மெத்தையில் அவர் எழுந்த சூடு ஆறும் முன் பிம்பம் வந்து உட்கார்ந்து, அவர் வழியில் இருக்கும்போதும் அசையாமல் இடம் காப்பதை நாலு நாள் பார்த்த பிறகு அதுவும் போயிற்று.

ஊரும் பழகிக்கொண்டது. சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி இப்படிப்பட்ட உடம்புகள் வரிசையாகப் போகும். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. பஜாரில் அவற்றுக்குக் காலி என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆளில்லாத வண்டிக்குச் சொல்வதுபோல. "காலி வருது, வழி விடுங்க," என்று சொல்லி ஒதுங்குவார்கள். காலியைக் கும்பிடக் கூடாது, காலியிடம் பேசக் கூடாது, குளிக்கிற மனுஷனைக் கடந்து போவதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மரியாதை தானாக உண்டாயிற்று. மரியாதை தெரியாதவர்களும் இருந்தார்கள். பல்பொடிக் கம்பெனிக்காரர் வீட்டம்மா, கணவரின் உடம்பு சும்மாதானே போகிறது என்று அதன் இரண்டு கையிலும் காய்கறிப் பையை மாட்டிவிடுவாள். அவர் ஆறு மணிக்குக் கண் விழித்து, தோள் ஏன் வலிக்கிறது என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அருஞ்சுனைராஜனின் உடம்பில் யாரும் பை மாட்டவில்லை. ஆனால் வேறு சில காரியங்கள் நடந்தன. அவருக்கு அவை பிடிபடவில்லை.

ஒருநாள் கண் விழித்தபோது நெற்றியில் அம்மன் கோயில் மஞ்சள் காப்பு இருந்தது. ஜெயகனியைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். இன்னொரு நாள், வார் பிய்ந்துபோயிருந்த செருப்பு தைத்து ஒட்டப்பட்டிருந்தது. மழை பெய்த சாயங்காலம் ஊரே நனைந்திருக்க அவர் சட்டை மட்டும் காய்ந்திருந்தது. எல்லாவற்றையும்விட அந்த இடது கை. ஆறு மணிக்குத் தன் உடம்புக்குள் திரும்பும்போதெல்லாம் இடது உள்ளங்கை வெதுவெதுப்பாக, லேசாக மடங்கி, எதையோ இப்போதுதான் விட்டது போலிருக்கும்.

"என் உடம்பை யாரோ தொடுறாங்க," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"கொசுவா இருக்கும்," என்றாள் ஜெயகனி, இலையைப் பார்த்தபடி.

"கொசு செருப்புத் தைக்குமா?"

அவள் ரசம் எடுக்க உள்ளே போனாள். தாரகை கையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டேயிருந்தாள்.

வேறொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. பலமாகியிருந்த கால்கள் அவருக்கு அடங்கவில்லை. படி இறங்கும்போது, எந்தக் கால் முதலில் போக வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்து முடிப்பதற்குள் ஒன்று போய்விடும். காலை நேரத்தில் மண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, இது தானா பிம்பமா என்று சந்தேகம் வந்து தொடையைக் கிள்ளிப் பார்ப்பார். வலித்தால் ஆறுதல். ஒருமுறை கிள்ளியும் வலிக்கவில்லை. அன்று உண்மையிலேயே அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ரெஹானா அறிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு அவரைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அருஞ்சுனைராஜன் வெட்டிய மரம்போலச் சாய, சோலையப்பன் தாங்கிக்கொண்டார்.

"இதைத்தான் நான் பயந்தேன்," என்றார் டாக்டர். "ரத்தம் நல்லா இருக்கு, தசை நல்லா இருக்கு. ஆனா கால் எங்க இருக்குன்னு உங்க மூளைக்குத் தெரியல. நடை நடக்க நடக்கத்தான் மூளைக்குத் தெம்பு. உங்களுக்குப் பதிலா பட்டை நடக்குது, தெம்பு எல்லாம் பட்டைக்குப் போகுது. மதுரையில எனக்கு ஒரு பேஷன்ட் இருக்கார். ரெண்டு வருஷமா இதைப் போடுறார். குதிரை மாதிரி உடம்பு. பட்டையைக் கழட்டினா கட்டில்லேருந்து இறங்கத் தெரியல."

"அதுக்கு என்ன பண்ணணும்கிறீங்க?"

"நீங்க நடக்கணும். உங்க உடம்பு நடந்தாப் பத்தாது."

"கல்லா?"

"அண்ணாச்சி, பட்டையை விட்டுட்டு உட்கார்ந்தீங்கன்னா ரத்தக்கட்டு. பட்டையோடவே இருந்தீங்கன்னா கொஞ்ச நாள்ல படுக்கை. மூணாவதா ஒண்ணுதான் இருக்கு."

"மூணாவது இந்தக் குடும்பத்துல கிடையாது," என்றார் அவர். டாக்டர் பையை மூடிக்கொண்டு, "அப்ப தைப் பொங்கலுக்கு மறுபடியும் பாக்குறேன். இருந்தா," என்று சொல்லிவிட்டுப் போனார். யார் இருந்தால் என்று சொல்லவில்லை.

*

பெரியவரின் தெவசத்தன்று அது நடந்தது. மத்தியானம் இலை போட்டு எல்லாம் முடிந்திருந்தது. நாலு மணிக்கு அருஞ்சுனைராஜன் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கல்லாவுக்குப் போனார். முதுகுளத்தூர்க்காரர் ஒருவரோடு குண்டு வற்றலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். பஜாரில் எங்கேயோ கம்பி அறுந்தது. மண்டி விளக்கு அணைந்தது. முதுகுளத்தூர்க்காரரின் முகம் பாதி வார்த்தையில் மறைந்துபோயிற்று.

இணைப்பு விட்டுப்போனால் உடம்பை உரியவரிடமே பட்டை ஒப்படைத்துவிடும் என்று தாரகை முதல்நாளே சொல்லியிருந்தாள். அது அவர் நினைவில் இல்லை.

வெயில். முதலில் தெரிந்தது அதுதான். கண்ணைக் குத்தும் மஞ்சள் வெயிலும், தெப்பக்குளத்துப் பாசியின் வாடையும், காதுக்குள் இடித்த தன் மூச்சும். எங்கே இருக்கிறோம் என்று புரிவதற்குள் கால் ஒரு எட்டு வைத்தது. அந்த எட்டை வைத்தது பட்டை. அடுத்த எட்டை வைக்க யாரும் இல்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது.

இடது கையை ஒரு கை இறுகப் பிடித்தது.

"என்ன அண்ணே, தடுமாறுறீங்க? பேட்டரி இறங்கிருச்சா?"

பத்தொன்பது வருஷம் கழித்தும் அந்தக் குரலை அவருக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அருஞ்சுனைராஜன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தான் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் கையை உதற வேண்டும். உதறினால் நடுத்தெருவில், காலிகளும் கடைக்காரர்களும் பார்க்க, கீழே விழ வேண்டும். நின்றாலும் சந்தேகம் வரும்; வண்டி எதுவும் வராமல் காலி நிற்காது. ஆகவே அவர் நடந்தார். வலது காலா இடது காலா என்று யோசிக்கும் அவகாசம்கூட இல்லாமல், பார்வையை எதிரே வெறுமையாக வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, காலிகள் நடப்பதுபோல நடந்தார். சொந்தக் காலில் அவர் அத்தனை தூரம் நடந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"அப்படித்தான்," என்றார் வெயிலுமுத்து. "மெதுவாவே போவோம். எனக்கும் முட்டி புடிச்சிருக்கு. லோடு ஆட்டோ தானா ஓடுது, தானா நிக்குது. உள்ள ஒரு ஆளு இருக்கணும்னு சட்டம். நான் உட்கார்ந்து கொட்டாவி விடுறேன். உங்க டாக்டரம்மாதான் எனக்கும். நடங்கன்னாங்க. தனியா நடக்க யாருக்கு மனசு வரும்? பாத்தேன், நம்ம அண்ணன்தான் தினம் சும்மா போறாரேன்னு சேந்துக்கிட்டேன்."

தோளில் கிடந்த துண்டால் அண்ணனின் நெற்றியைத் துடைத்தார். அருஞ்சுனைராஜன் இமைக்கவில்லை. கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது.

எதிரே வந்த வளையல் கடைக்காரர், "என்ன முத்து, காலிகூட என்ன பேச்சு?" என்று சிரித்தார்.

"ஆள் இருக்கையில பேச விடலயே அண்ணாச்சி. ஆள் இல்லாதப்பதான் பேச முடியுது," என்றார் வெயிலுமுத்து, அவரும் சிரித்தபடி.

குளத்தின் மேற்குக் கரையில் நிழல் இருந்தது. அங்கே வெயிலுமுத்துவின் குரல் தணிந்தது.

"இன்னைக்கு அப்பா தெவசம். மதினி பருப்புப் பாயாசம் வச்சிருப்பாக. வாசனை தெருமுனை வரைக்கும் வந்துச்சு, அங்கதான் நின்னேன்." துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். "உங்ககிட்டச் சொல்லணும்னு ஒண்ணு வச்சிருந்தேன். கேக்க ஆள் இல்ல, சொல்லிருவோம். ஆட்டோவுல ஏத்தினதும் அப்பா என் கையப் பிடிச்சாரு. வையப் போறாருன்னு நினைச்சேன். 'ஏலே, காலு ரெண்டும் காலையிலயே மரத்துப்போச்சுடா, எந்திரிச்சு நாலு எட்டு நடக்கணும் போல இருந்துச்சு'ன்னாரு. 'அப்ப எந்திரிச்சிருக்கலாம்லப்பா'ன்னேன். என்னையப் பாத்தாரு. 'எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்களேடா'ன்னாரு. அம்புட்டுத்தான். வேற பேச்சு இல்ல."

அருஞ்சுனைராஜனின் கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் கை விட்டுப்போயிற்று. "வாரேன் அண்ணே," என்றது குரல். அவர் உள்ளே போய், காலிகள் உட்காருவதுபோல நிமிர்ந்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மின்சாரம் வந்து, ஆறு மணி அடித்து, ஜெயகனி காப்பி கொண்டுவரும்வரை கண்ணைத் திறந்துவைத்து அப்படியே இருந்தார்.

"கண்ணு ஏன் சிவந்திருக்கு?" என்றாள்.

"கொசு," என்றார்.

*

அன்று இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தம்பி சொன்னது நிஜமா? கேட்காத காதுக்குப் பொய் சொல்ல ஒருவனுக்கு என்ன அவசியம்? நிஜமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பேட்டரி இறங்கிவிட்டதா என்று கேட்டானே. தடுமாறியதைப் பார்த்தானே. உள்ளே ஆள் வந்துவிட்டது தெரிந்து சொல்லியிருந்தால்? அப்படியானால் அது பத்தொன்பது வருஷமாகச் செதுக்கி வைத்த வார்த்தையாகக்கூட இருக்கலாம். அப்பா அப்படிச் சொல்கிறவரா? அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தார். மெத்தையில் உட்கார்ந்த முகம்தான் வந்தது. அவர் எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் என்பதே மகனுக்கு ஞாபகமில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. பட்டை போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் போனால் தம்பி பேசுவது கேட்காது. பட்டை போடாமல் கல்லாவில் உட்கார்ந்தால் தம்பியே இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு, மண்டியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தாரகையைக் கூப்பிட்டார்.

"கல்லாவுல என் பிம்பம் உட்காருதுல்ல? அதுக்குள்ள வேற ஆள் பேச முடியுமா? என் முகம், என் குரலு. ஆனா பேசுறது வேற ஆள்."

"முடியும். ஏன்?"

"நாலு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் நீ பேசு."

 அந்தக் குடும்பத்தில் பெண் கல்லாவில் உட்கார்ந்ததில்லை. ஜெயகனி இருபத்தாறு வருஷமாக அதன் பக்கத்தில் நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். "நான் உட்காரலாமாப்பா?"

"முகம் என் முகம்தானே? ஊருக்கு என்ன தெரியப்போகுது?"

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். "உடம்புல."

அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள். "சித்தப்பா விஷயம் தெரிஞ்சுபோச்சா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்பா. அம்மாவுக்குத் தெரியும், சோலையப்பன் மாமாவுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. உங்க உடம்புக்குக்கூடத் தெரியும்."

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார் அருஞ்சுனைராஜன் கறாராக. "இப்பவும் தெரியாது. புரியுதா? பட்டை என் பிடரியிலதான் இருக்கும். ஆன் பண்ண மாட்டேன். நான் கல்லாவுலதான் இருக்கேன். யார் கேட்டாலும் அதுதான் பதில்."

"எந்திரிச்சு நடக்கப் போறீங்க. ஆனா எந்திரிக்கல."

"ஆமா."

"எனக்கே தலை சுத்துது," என்றாள் அவள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குண்டு வற்றலுக்கு நான் விலை சொன்னா குறுக்கப் பேசக் கூடாது," என்றாள்.

முதல் வாரம் அவர் உடம்பெல்லாம் வலித்தது. பட்டை நடத்தியபோது வலித்ததில்லை என்பது வினோதமாக இருந்தது. வேர்த்தது, மூச்சு வாங்கியது, குதிகால் எரிந்தது. எல்லாம் அவருடையதாகவே இருந்தன. மார்கழிக்குள் படி இறங்கும்போது யோசிப்பது நின்றுபோயிற்று. பொங்கலுக்கு வந்த டாக்டர் கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது சாயாமல் நின்றார். "பட்டையை மாத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்க, "அதே பட்டைதான்," என்று பதில் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை.

மண்டியிலும் மாற்றம். சாயங்காலமானால் அண்ணாச்சிக்குக் குணம் மாறிவிடுகிறது என்று வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். காலையில் எரிந்து விழுகிறவர் நாலு மணிக்குமேல், "சாப்பிட்டீகளா?" என்று விசாரிக்கிறாராம். வியாபாரம் கூடியது. காலையில் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள், சாயங்காலம் மறுபடியும் வந்து அதே சரக்குக்குப் பேசினார்கள். சோலையப்பன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எதையும் பார்க்காதவர்போல இருந்தார்.

குளக்கரையில் வெயிலுமுத்து தினமும் பேசினார். மகனுக்குப் பெண் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரனின் நாய், அம்மா இருந்த காலத்தில் வைத்த கத்தரிக்காய்க் குழம்பில் என்ன சேர்ப்பாள் என்று இப்போது யாருக்கும் தெரியாமல் போனது. அருஞ்சுனைராஜனுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வரும். வாயைக் கொஞ்சம் திறந்து, காலிபோல வெறித்துக்கொண்டு, பதிலை விழுங்கி நடப்பார். சிரிப்பு வரும் இடங்களில்தான் சிரமம்.

தை பிறந்து ஒருநாள். வெயிலுமுத்துவின் முட்டி அன்று ரொம்பப் படுத்தியது. அவர் நடை தளர்ந்தது. அருஞ்சுனைராஜனின் நடையும் கூடவே தளர்ந்தது. நாலைந்து எட்டு அப்படியே போனார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது: எந்தக் காலியும் பக்கத்தில் வருகிறவனுக்காக மெதுவாக நடக்காது. அது தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

அவர் சட்டென்று வேகத்தைக் கூட்டப் பார்த்தார். கை விடவில்லை.

வெயிலுமுத்து அவர் பக்கம் திரும்பவில்லை. குளத்தைப் பார்த்தபடி, யாரோ மூன்றாவது ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "இந்தக் கம்பெனிக்காரன் நல்லா செஞ்சிருக்கான். பட்டைக்குக்கூட இரக்கம் வச்சு அனுப்பியிருக்கான்."

அவருக்குத் தெரிந்துவிட்டதா, வெறும் பேச்சா? அருஞ்சுனைராஜன் வீடு வரும்வரை அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்றால் நாளைக்குப் போகக் கூடாது. குடும்பத்தின் முகம் இருக்கிறது. தெரியவில்லை என்றால் போகலாம். இரண்டில் எது என்று அவரால் முடிவுசெய்ய முடியவில்லை. முடிவு தெரியாத நிலையில் வழக்கத்தை மாற்றுவது சரியல்ல என்று மறுநாள் நாலு மணிக்குக் கிளம்பினார். தெருமுனையில் வெயிலுமுத்து முட்டியில் துணி சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். இடது கை தானாக நீண்டது.

அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள் என்று பஜாரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. அருஞ்சுனைராஜன் இன்றுவரை தம்பியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.